படித்தது நம் சிந்தனையாக மாற என்ன செய்ய வேண்டும்? குறிப்பேட்டில் எதை எழுதுவது?

கேட்பவர்: கரையோரன்

மாதம் இரண்டு மூன்று புத்தகம் முடிகிறது. பெரும்பாலும் வரலாறு, கட்டுரை நூல்கள்; இடையில் நாவல். பென்சிலால் அடிக்கோடு போட்டுத்தான் படிப்பது. படிக்கும்போது எல்லாம் தெளிவாக இருக்கிறது. பத்து நாள் கழித்து யாராவது "அதில் அப்படி என்னதான் சொல்கிறார்?" என்று கேட்டால் இரண்டு வாக்கியத்துக்கு மேல் வருவதில்லை.

இதைவிட உறுத்துவது இன்னொன்று. சொந்தக் கருத்து என்று நினைத்துப் பேசுவதெல்லாம் கடைசியாகப் படித்தவரின் கருத்தாக இருக்கிறது. அடுத்த புத்தகம் நேரெதிராகச் சொன்னால் அதற்கும் தலையாட்டல்.

வேகமாகப் படிக்கும் வித்தை, ஞாபகசக்தி லேகியம் இதெல்லாம் வேண்டாம். தினமும் அரை மணி நேரம்தான் உண்டு. அதில் படிப்பது எவ்வளவு, எழுதுவது எவ்வளவு? குறிப்பேடு வைத்தால் அதில் எதை எழுத வேண்டும், எதை எழுதக் கூடாது? நாவலுக்கும் இதே முறைதானா?

---

வரிவாசகன்

முதலில் அந்த அடிக்கோட்டைப் பார்ப்போம். கோடு போடும்போது நாம் செய்வது பொறுக்கும் வேலை மட்டுமே: இது முக்கியம், இது இல்லை. ஏன் முக்கியம், முந்தின பக்கத்தில் சொன்னதோடு எப்படிப் பொருந்துகிறது என்ற வேலையைப் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவிடுகிறோம். அந்தப் பிறகு வருவதில்லை. திரும்பப் புரட்டும்போது கோடு போட்ட வரி கண்ணுக்குப் பழகியதாக இருக்கும்; பழகியதைத் தெரிந்தது என்று மனம் எடுத்துக்கொள்ளும். 2013இல் டன்லோஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டார்கள். அடிக்கோடும் மறுவாசிப்பும் குறைந்த பயன் என்ற வரிசைக்குப் போயின. தன்னைத்தானே சோதித்துப் பார்ப்பதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மட்டுமே உயர்ந்த பயன் என்று தேறின.

இன்னும் துல்லியமாக ஒன்று. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார்கள். ஒரு குழு ஒரே பகுதியை நான்கு சுற்றும் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று படித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றிலும் தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடத்தில் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. உங்கள் பத்து நாள் மறதி இந்த 40தான். "நமக்கு நன்றாகத் தெரிகிறது" என்ற நம்பிக்கை அதிகமாக இருந்ததும் படித்துக்கொண்டே இருந்த குழுவுக்குத்தான்.

ஆகவே அரை மணியில் 20 நிமிடம் படியுங்கள். கட்டுரை நூலில் இது எட்டிலிருந்து பன்னிரண்டு பக்கம் வரும். அத்தியாயத்தின் நடுவில் நின்றாலும் சரி, ஒரு வாதம் முடிகிற இடத்தில் நிற்க வேண்டும். புத்தகத்தை மூடிக் கவிழ்த்து வையுங்கள். அடுத்த ஆறேழு நிமிடம் எழுத்து. கடைசி மூன்று நிமிடம் புத்தகத்தைத் திறந்து, வேறு நிற மையால் திருத்தம்.

எழுத வேண்டியது மூன்று வரி, அதிகம் போனால் எட்டு. முதல் வரி, "இவர் சொல்வது". ஒரே வாக்கியம், அவருடைய கலைச்சொல் எதையும் கடன் வாங்காமல். அவர் 'அந்நியமாதல்' என்று எழுதியிருந்தால் நீங்கள் அந்தச் சொல்லைத் தொடக் கூடாது. அது இல்லாமல் சொல்ல வரவில்லை என்றால் புரியவில்லை என்று பொருள். இரண்டாவது, "எதை வைத்துச் சொல்கிறார்". கல்வெட்டா, கணக்கா, ஒரே ஒரு சம்பவமா, வெறும் உறுதியான குரலா? இந்த வரியை எழுதத் தொடங்கிய பிறகுதான் பல புத்தகங்கள் குரலை மட்டுமே நம்பி நிற்பது தெரியவரும். மூன்றாவது, "எங்கே இடிக்கிறது". சந்தேகம், மறுப்பு, கேள்வி, எதுவானாலும். இடிக்கவே இல்லை என்றால் "இது உண்மையானால் வேறு எது பொய்யாக வேண்டும்?" என்று கேட்டு அதை எழுதுங்கள்.

திருத்தும்போது விட்டுப்போனதைச் சேர்ப்பது எல்லோரும் செய்வது. அதைவிட மதிப்பானது, ஆசிரியர் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கும் இடம். அதை அடிக்காதீர்கள், வட்டம் போடுங்கள். ஆசிரியர் வாயில் நீங்கள் ஏற்றிவைத்த உங்கள் பழைய நம்பிக்கை அது. சொந்தக் கருத்தே இல்லை என்கிறீர்கள் அல்லவா, அது ஒளிந்திருப்பது இந்த வட்டங்களில்தான். இருபது பக்கக் குறிப்பு சேர்ந்ததும் வட்டங்களை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள்.

ஏழாம் நாள் புதுப் பக்கம் படிப்பதற்கு முன், பழைய குறிப்பின் தலைப்பை மட்டும் பார்த்து மற்றதை வாய்விட்டுச் சொல்லுங்கள். முப்பதாம் நாள் இன்னொரு தடவை. இரண்டுக்கும் ஐந்து நிமிடம் போதும்.

கெட்டுப்போகும் இடங்கள் இவை: எழுதும்போது பாதியில் புத்தகத்தைத் திறந்து பார்ப்பது (அதோடு அது படியெடுப்பு ஆகிவிடும்). மேற்கோளை மட்டும் அழகாக எழுதி வைப்பது. "அருமை", "ஆழமான பார்வை" என்று எழுதுவது. அது நமக்குப் பிடித்ததைச் சொல்கிறது, புத்தகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும்விட, நான்கு நாள் விட்டுப்போனதைச் சேர்த்து எழுத முயல்வது. விட்டது விட்டதுதான். இன்றைய பக்கத்திலிருந்து தொடங்குங்கள், இல்லையென்றால் நோட்டு ஒரு கடன்பத்திரம் ஆகிவிடும்.

நூறு பக்கக் கட்டுரை நோட்டு போதும். விலை உயர்ந்த தோல் அட்டை வாங்கினால் கிறுக்க மனம் வராது.

---

பாயிரம்

வரிவாசகன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நன்னூல் பொதுப்பாயிரத்தில் மாணாக்கன் நூல் பயிலும் முறையைப் பவணந்தி முனிவர் வரிசைப்படுத்துகிறார்: வழக்கறிதல், பாடம் போற்றல், கேட்டவை நினைத்தல், ஆசானை அடுத்து மீண்டும் தெளியக் கேட்டல், தகுதியுடையோரோடு பயிலல், வினாதல், வினாயவை விடுத்தல். பாடம் போற்றலும் கேட்டவை நினைத்தலும் தனித்தனியே நிற்பதைப் பாருங்கள். முன்னது சொல் சிதையாமல் மனத்தில் வைப்பது. பின்னது வைத்ததை எடுத்து அசைபோடுவது. பள்ளிக்கூடம் முன்னதோடு நின்றுவிட்டது. திரையில் படிக்கிற தலைமுறை இரண்டையும் கைவிட்டது.

அடுத்து அவர் போடும் கணக்கு இன்னும் சுவையானது. ஆசான் உரைத்ததை எவ்வளவு செம்மையாக வாங்கிக்கொண்டாலும் "காற்கூறு அல்லது பற்றலன்", அதாவது கால் பங்குக்கு மேல் பற்றமாட்டான். உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால். பிறருக்கு விரித்துரைப்பதில்தான் மீதி அரை. 13ஆம் நூற்றாண்டுக் கணக்கு இது. தம்பி கரையோரன் இப்போது காலோடு நிற்கிறார்.

அந்த அரையைப் பிடிக்க வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. அந்தப் புத்தகத்தைப் படிக்காத ஒருவர், வாரத்துக்கு ஒரு நாள், பத்து நிமிடம். கேட்பவருக்கு இரண்டு கேள்வி மட்டும் சொல்லிக்கொடுங்கள்: "அது எப்படி?", "அப்படி இல்லாத இடம் உண்டா?" பாராட்டக் கூடாது, தன் கதையைத் தொடங்கவும் கூடாது. பெரும்பாலும் இரண்டாவது "அது எப்படி"யிலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தைக் குறித்துக்கொண்டு திரும்ப அந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும். படித்தவரையே கேட்பவராக வைத்தால் பயனில்லை. நீங்கள் விழுங்கிய பாதியை அவரே நிரப்பிவிடுவார்.

இன்னொரு பயிற்சி, உங்கள் கேள்விக்கே நேராகப் பொருந்துவது. படிப்பு நம் அறிவை மாற்றுமா என்பதில் வள்ளுவர் இரண்டு இடத்தில் இரண்டு விதமாகப் பேசுகிறார். ஊழ் அதிகாரத்தில் 373ஆம் குறள்:

நுண்ணிய நூல்பல கற்பினும் மற்றுந்தன்
உண்மை யறிவே மிகும்

கல்வி அதிகாரத்தில் 396ஆம் குறள்:

தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக்
கற்றனைத் தூறும் அறிவு

எத்தனை நூல் கற்றாலும் உள்ளிருக்கும் அறிவுதான் மேலெழும் என்கிறது ஒன்று. கற்கக் கற்க ஊறும் என்கிறது மற்றது. நோட்டில் எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டையும் எழுதுங்கள். முதல் நாள் உரை எதையும் திறக்காமல் சொற்களைப் பிரித்து, உரைநடை வரிசையில் வைத்து, நான்கு வரி மட்டும். உரையை முதலில் படித்தால் அந்த உரையாசிரியர் கண்ணாலேயே குறள் தெரியும்; பிறகு நம் கண்ணுக்குத் திரும்புவது கடினம். இரண்டாம் நாள் இரண்டும் மோதுகின்றனவா என்று மட்டும் எழுதுங்கள். மூன்றாம் நாள் பரிமேலழகரைத் திறக்கலாம். மோதலை அவர் பார்த்திருக்கிறார். ஊழ் மாறுபடாத இடத்தைச் சொல்வது 396, ஆகையால் அது முன் சொன்னதோடு முரணாது என்று அமைதி (பொருத்திக் காட்டும் விளக்கம்) கூறுகிறார்.

இப்போதுதான் உங்கள் வேலை தொடங்குகிறது. அந்த அமைதி உங்களுக்குப் போதுமா? ஊழை நம்பாதவர் அதை எப்படி ஏற்பார்? மணற்கேணியில் தோண்டுவது நம் கை. ஆனால் எத்தனை அடியில் நீர் என்பது அந்த நிலத்தைப் பொறுத்தது. அப்படிப் பார்த்தால் இரண்டு குறளும் ஒன்றையே சொல்கின்றனவா? அல்லது 'தொட்டனைத்து' (தோண்டிய அளவுக்கு) என்று அளவு சொல்லிவிட்டதால் இந்த வாசிப்பு நிற்காதா? பிந்தையதுதான் சரி என்பது அடியேன் எண்ணம், ஆனால் மறுத்துப் பாருங்கள். நான்காம் நாள் மணக்குடவர், அல்லது பரிப்பெருமாள், பரிதியார், காளிங்கர் என்று கையில் கிடைத்த இன்னொரு பழைய உரை. இரண்டு உரைகள் வேறுபடும் இடத்தில் நாம் யார் பக்கம் நிற்கிறோம் என்று ஒரு வரி. கடைசியாகப் படித்தவருக்குத் தலையாட்டும் பழக்கத்துக்கு இதைவிடச் சிறந்த மருந்து தமிழில் இல்லை. எந்த உரையும் கடைசி உரை அல்ல என்பதை ஒவ்வொரு பக்கமும் நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

---

எதிர்க்கட்சி

மேலே இரண்டு பேரும் நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். "வாசிப்பு மனிதனை மாற்றும்" என்று பொதுவாகச் சொல்வதில் மட்டும் கொஞ்சம் கை வைக்கிறேன்.

1931, 1932இல் சோவியத் உளவியலாளர் லூரியா உஸ்பெகிஸ்தான் கிராமங்களில் எழுத்தறியாதவர்களிடம் ஒரு புதிர் போட்டார். வடக்கே பனி மூடிய இடத்தில் கரடிகளெல்லாம் வெள்ளை. இன்ன ஊர் அந்த வடக்கில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்? "நான் அங்கே போனதில்லை, பார்க்காததை எப்படிச் சொல்வது" என்ற மாதிரியான பதில்கள் வந்தன. கொஞ்சம் படித்தவர்கள் வெள்ளை என்றார்கள். எழுத்து வந்தால் சிந்தனையே மாறுகிறது என்று இதை வைத்து நிறையப் பேர் எழுதினார்கள். ஆனால் அங்கே எழுத்தும் பள்ளிக்கூடமும் கூட்டுப்பண்ணையும் ஒன்றாக வந்தவை. எது எதைச் செய்தது என்று பிரிக்க முடியாது.

பிரித்துப் பார்த்தவர்கள் ஸ்க்ரிப்னர், கோல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள். லைபீரியாவில் வாய் (Vai) என்ற இன மக்களுக்குச் சொந்த எழுத்து உண்டு, பள்ளிக்குப் போகாமலே வீட்டில் கற்றுக்கொண்டு கடிதமும் கணக்கும் எழுதுவார்கள். 1981இல் வெளிவந்த அவர்கள் முடிவு: எழுதப் படிக்கத் தெரிவதால் மட்டும் பொதுவான சிந்தனைத் திறன் தாவி உயரவில்லை. எழுத்தை வைத்து எந்த வேலையைச் செய்தார்களோ அதில் தேறினார்கள். கடிதம் எழுதுபவர்கள், முன்பின் தெரியாதவருக்கு ஒன்றை விளக்குவதில் தேறினார்கள். பள்ளிக்குப் போனவர்கள், ஏன் என்று காரணம் சொல்வதில் தேறினார்கள்.

கரையோரனுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. மாதம் எத்தனை புத்தகம் என்ற எண்ணிக்கை அநேகமாகப் பொருளற்றது. காரணம் கேட்டுப் படித்தால் காரணம் கேட்கும் மனம் வரும். மேற்கோள் தேடிப் படித்தால் மேற்கோள் சொல்லும் வாய்தான் வரும்.

நாவல் விஷயம். 2013இல் கிட், கஸ்டானோ என்ற இரு ஆய்வாளர்கள், இலக்கியப் புனைவைச் சிறிது நேரம் படித்தாலே பிறர் மனத்தை ஊகிக்கும் திறன் கூடுகிறது என்று எழுதினார்கள். உலகம் முழுக்கப் பரவியது. 2016இல் வேறு மூன்று ஆய்வுக்குழுக்கள் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது அந்த விளைவு வரவில்லை. ஆகவே இரக்கம் வளரும் என்று நாவலை டானிக் மாதிரி குடிக்க வேண்டாம்.

20 நிமிடத்துக்கு ஒருமுறை மூடி எழுதும் முறையை நாவலில் நுழைக்கவே கூடாது. நாவல் தன் தாளத்தில் நம்மை இழுத்துப் போக வேண்டும். இடையில் நிறுத்தி "இவர் சொல்வது" என்று எழுதினால் கதாபாத்திரம் செத்து நீதிபோதனை மிஞ்சும். படிக்கும்போது ஓரத்தில் ஒரு புள்ளி, கடைசி வெற்றுத்தாளில் அந்தப் பக்க எண். அவ்வளவே. முடித்ததும் எழுதாதீர்கள், இரண்டு நாள் விடுங்கள். பிறகு ஒரு பக்கம் எழுதலாம். கூப்பிடாமலே நினைவுக்கு வரும் காட்சி எது? முக்கியத் திருப்பம் என்று நாம் நினைத்தது பெரும்பாலும் அதுவாக இருக்காது. எந்தப் பாத்திரத்திடம் நாம் அநியாயத்துக்குக் கறாராக இருந்தோம்? அதே நடத்தையை இன்னொரு பாத்திரத்திடம் மன்னித்தோமா? கதைசொல்லி யாருடைய தரப்பைக் கேட்கவே இல்லை? கடைசிக் கேள்விக்கு விடை எழுத ஆரம்பித்தால் பக்கம் போதாது.

எழுதச் சோம்பலாக இருந்தால் குறைந்தபட்சம் இதைச் செய்யுங்கள்: நாவலை முடித்த அன்றோ மறுநாளோ முதல் அத்தியாயத்தை மட்டும் மறுபடி படியுங்கள். முடிவு தெரிந்தபின் ஆசிரியர் எங்கெங்கே விதைத்திருக்கிறார் என்று தெரியும். மறுவாசிப்பு வீண் என்று வரிவாசகன் காட்டியது தகவல் நூலுக்குச் சரி, நாவலுக்குப் பொருந்தாது.

---

அட்டைப்பெட்டி

"கடைசியாகப் படித்தவருக்குத் தலையாட்டுவது" பற்றி இன்னும் யாரும் நேரடியாகச் சொல்லவில்லை. புத்தகவாரியாகக் குறிப்பு வைத்தால் அது தீராது. ஒவ்வொரு ஆசிரியரும் தன் தன் பக்கத்தில் ராஜாவாக இருப்பார், இருவரும் சந்திக்கவே மாட்டார்கள். கேள்விவாரியாக வைக்க வேண்டும்.

நோட்டின் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு கேள்விக்கு ஒரு பக்கம். தலைப்பு கேள்வியாகவே இருக்க வேண்டும். "கல்வி" என்று எழுதினால் அது குப்பைக்கூடை, "பயிற்றுமொழி எந்த வகுப்பு வரை தாய்மொழியாக இருக்க வேண்டும்?" என்று எழுதினால் விடை சொல்லியாக வேண்டும். கீழே தேதி, இப்போதைய விடை இரண்டு வரி, எவ்வளவு உறுதி என்று பத்துக்கு ஒரு மதிப்பெண், யாரைப் படித்ததால் இந்த விடை என்று ஒரு சொல். அதே கேள்வியைத் தொடும் அடுத்த புத்தகம் வந்தால் அடுத்த பதிவு. பழையதை அடிக்கக் கூடாது.

அடிக்காமல் இருப்பதுதான் முழு சூட்சுமம். 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் மோந்தேன், தன் மறதியைச் சமாளிக்க ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் படித்து முடித்த தேதியையும் பொதுவான தன் மதிப்பீட்டையும் எழுதிவைத்தார். சில வருடம் முன் தானே கிறுக்கிவைத்த புத்தகத்தைப் புதிது என்று நினைத்துக் கையில் எடுத்த அனுபவம் அவருக்கு உண்டு. 1580இல் வெளிவந்த தன் கட்டுரைகளை 1592இல் சாகும்வரை ஓரங்களில் வளர்த்துக்கொண்டே போனார். சேர்ப்பேன், திருத்த மாட்டேன் என்பது அவர் கொள்கை. முன்னுக்குப்பின் முரண் பட்டவர்த்தனமாகத் தெரியும், தெரியட்டும் என்று விட்டார்.

ஒரு கேள்விக்கு மூன்று பதிவு சேர்ந்ததும் பாருங்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் விடை புரண்டிருந்தால், உறுதி மதிப்பெண்ணும் ஒவ்வொரு முறை எட்டு, ஒன்பது என்றே இருந்தால், அது இரவல் கருத்து. இதற்குச் செய்ய வேண்டியது, எதிரெதிரான இரண்டு நூல்களை ஒரே மாதத்தில் எடுத்து, இரண்டாவதைத் திறக்கும் முன் முதலாவதின் மிக வலுவான வாதத்தைப் பத்து வரியில் எழுதிவிடுவது. இரண்டாவதைப் படிக்கும்போது அந்தப் பத்து வரிக்கு அவர் பதில் சொல்கிறாரா என்று மட்டும் பாருங்கள். பல நேரம் சொல்லியிருக்க மாட்டார், வேறு ஏதோ எளிய எதிரியோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார். அதைக் கண்டுபிடித்த கணத்தில் தலையாட்டல் நின்றுவிடும்.

மதிப்பெண் போடும் முன் இன்னொன்று. "ஏன் சரி" என்று எழுதாமல் "எப்படி நடக்கும்" என்று படிப்படியாக எழுதிப் பாருங்கள். ரோசன்பிளிட், கைல் என்ற இருவர் 2002இல் காட்டியது இது: ஜிப், கழிவறைத் தொட்டி மாதிரி தினமும் பார்க்கும் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியுமா என்றால் ஆட்கள் தெரியும் என்பார்கள். படிப்படியாக விளக்கச் சொன்னபின் தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். ஜிப்புக்கே அப்படி என்றால் பொருளாதாரக் கொள்கைக்கு எப்படி இருக்கும்.

குறிப்பு பெருகியதும் தேடுவது பாடாகும். தத்துவவாதி ஜான் லாக் தன் குறிப்பேட்டுக்கு ஒரு அகராதிமுறை வைத்திருந்தார், ஆங்கிலத்தில் 1706இல் அச்சானது: தலைப்புச் சொல்லின் முதலெழுத்து, அதை அடுத்து வரும் முதல் உயிர், இந்த இரண்டையும் வைத்துப் பக்க எண் குறிப்பது. தமிழில் நமக்கு இந்த வேலை பாதி மிச்சம், உயிர்மெய்யிலேயே இரண்டும் இருக்கிறது. நோட்டின் முதல் இரண்டு பக்கத்தில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் கீழ்நோக்கி உயிர் தனியாக ஒரு வரிசை, பிறகு க, ச, ஞ, த, ந, ப, ம, ய, வ. மேலே குறுக்காக அ முதல் ஔ வரை. 'கூலி' பற்றிய குறிப்பு 37ஆம் பக்கத்தில் என்றால் க வரிசையில் ஊ கட்டத்தில் 37. ட, ர, ல, ஜ, ஸ, ஹ என்று தொடங்கும் பிறமொழிச் சொற்களுக்குக் கீழே ஒரே ஒரு பொது வரிசை போதும். ஒரு கேள்விக்கு ஒரே தலைப்புச் சொல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்று 'கூலி', நாளை 'சம்பளம்', அதற்கடுத்து 'ஊதியம்' என்று போனால் கட்டம் கைகொடுக்காது.

---

கரையோரன்

எல்லோருக்கும் நன்றி. பாயிரம் ஐயாவின் இரண்டு குறளை நோட்டில் எழுதியாயிற்று, உரையைத் திறக்கவில்லை. இரண்டு சின்ன சந்தேகம். பேருந்தில் போனில் படிப்பதும் ஒலிப்புத்தகம் கேட்பதும் கணக்கில் சேருமா? இன்னொன்று, மூடி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தால் ஒன்றுமே வராவிட்டால்?

---

வரிவாசகன்

போனுக்கு முதலில். டெல்காடோ குழுவினர் 2018இல் 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், மொத்தம் 1,70,000 பேருக்கு மேல். தகவல் நூல்களில், அதுவும் நேரக்கெடு இருந்தால், காகிதத்தில் படித்தவர்களுக்குப் புரிதல் கொஞ்சம் கூடுதல். கதை நூல்களில் வித்தியாசம் இல்லை. ஆகவே பேருந்தில் நாவல், வீட்டு மேசையில் கட்டுரை நூல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். போனில் கட்டுரை படித்துத்தான் ஆக வேண்டும் என்றால் அறிவிப்புகளை நிறுத்திவிட்டு, பாதி நீளத்தில் நின்று மூடிச் சொல்லிப் பாருங்கள்.

ஒலிப்புத்தகத்தில் சிக்கல் வேறு. கண்ணால் படிக்கும்போது நமக்குத் தெரியாமலே பார்வை பின்னால் போய் விட்டுப்போன சொல்லைப் பிடித்து வரும். காதுக்கு அந்த வசதி இல்லை. மனம் ஜன்னலுக்கு வெளியே போனாலும் குரல் நிற்காது. வேகத்தை ஏற்றாதீர்கள். அத்தியாயம் முடிந்ததும் நிறுத்தி, போனிலேயே ஒரு நிமிடம் குரல்பதிவு: சொல்வது என்ன, எதை வைத்து, எங்கே இடிக்கிறது. இறங்கும் நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் செய்தால் மறக்காது. வாதம் நுணுக்கமாகப் போகும் நூல்களைக் காதுக்குக் கொடுக்க வேண்டாம். வாழ்க்கை வரலாறு, பயணம், நினைவுக்குறிப்பு நன்றாகப் போகும்.

ஒன்றுமே வராவிட்டால் உடனே புத்தகத்தைத் திறக்காமல் இரண்டு நிமிடம் வெறுமனே உட்காருங்கள். கடைசியாகப் படித்த பத்தியில் இருந்த ஏதாவது ஒரு பெயரையோ ஊரையோ எண்ணையோ பிடித்தால் மற்றது பின்னாலேயே வரும். அப்படியும் வரவில்லையென்றால் அளவைக் குறையுங்கள்: 20 நிமிடத்துக்குப் பதில் இரண்டு பக்கம், மூடுங்கள், ஒரே வாக்கியம். இரண்டு பக்கத்துக்கு வந்தால் நான்காக்கலாம்.

இரண்டு பக்கத்துக்கும் மூன்று நாள் தொடர்ந்து வரவில்லையென்றால் குற்றம் உங்கள் மீது இல்லாமலும் இருக்கலாம். அத்தியாயத்தின் முதல் பத்தியைப் படித்து "இந்த அத்தியாயம் எந்தக் கேள்விக்கு விடை?" என்று எழுத முயலுங்கள். இரண்டு தடவை படித்தும் எழுத முடியாவிட்டால், ஒன்று அந்தத் துறையில் இதற்கு முன்னால் படிக்க வேண்டிய எளிய நூல் ஒன்று இருக்கிறது, அல்லது ஆசிரியருக்கே கேள்வி தெளிவாக இல்லை. மொழிபெயர்ப்பு நூலானால் மூன்றாவது சாத்தியமும் உண்டு: வாக்கியம் தமிழில் ஓடவில்லை. நூலகத்தில் வேறு பதிப்போ வேறு மொழிபெயர்ப்போ இருந்தால் அதே பக்கத்தை ஒப்பிட்டுப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எதுவானாலும் அந்தப் புத்தகத்தை ஓரமாக வைத்து, நின்ற பக்க எண்ணையும் நின்ற காரணத்தையும் ஒரு வரியில் குறித்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம்.